பேராசிரியர் ஈச்சர வாரியர்: மகனைத் தேடிய முப்பது ஆண்டுகள்

பிள்ளையைப் பறிகொடுத்த பெற்றோர் எல்லாக் காலத்திலும் உண்டு. ஆனால் பிள்ளை இருக்கிறானா, இறந்துவிட்டானா என்றே சொல்லப்படாமல், கபனிட்டு அடக்கவோ சிதைமூட்டி எரிக்கவோ ஓர் உடல்கூடக் கொடுக்கப்படாமல், அரசு அலுவலகங்களின் படிகளில் ஏறி இறங்கியே முதுமையடைந்த தந்தையர் சிலர்தான். கேரளத்தின் கல்லூரிப் பேராசிரியர் டி.வி. ஈச்சர வாரியர் அவர்களில் ஒருவர். 2006 ஏப்ரல் 13 அன்று அவர் மறைந்தார். அவரை இன்றைய இளைஞர்கள் பலர் அறியமாட்டார்கள். ஆனால் காவல் நிலையத்துக்குப் போன தம் பிள்ளை எங்கே என்று ஒரு தந்தை இன்று துணிந்து உயர் நீதிமன்றத்தைக் கேட்க முடிகிறது என்றால், அதில் அந்தப் பேராசிரியரின் பங்கும் இருக்கிறது.

அவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர் அல்லர். இருந்தும் அவருடைய வரலாற்றை நாம் படிக்க வேண்டும். அநீதிக்குள்ளானவர் எவராயினும் அவருக்குத் துணை நிற்பது மார்க்கம் நமக்கு விதித்த கடமை என்பது முதற் காரணம். அந்தத் தந்தைக்கு உண்மை கிடைத்த வழியில் நின்ற சிலரை நாம் அறிந்திருக்க வேண்டும் என்பது அடுத்த காரணம். அந்த வழியில் ஒரு கல்லூரி முதல்வர் பகாவுதீன் இருக்கிறார். ஒரு நீதிபதி காலித் இருக்கிறார்.

ஹிந்திப் பேராசிரியர்

ஈச்சர வாரியர் 1921-இல் பிறந்தவர். திருச்சூர் மாவட்டத்துக்காரர். ஹிந்தி மொழியைக் கற்று, அதையே கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்டு, கோழிக்கோடு அரசு கலை அறிவியல் கல்லூரியில் பேராசிரியராகப் பணியாற்றினார். அரசியல் தலைவர்கள் பலரை நேரில் அறிந்தவர் என்றாலும் எந்தப் பதவிக்கும் ஆசைப்பட்டவர் அல்லர். மாதச் சம்பளம், வகுப்பறை, விடைத்தாள் கட்டு, பிள்ளைகளின் படிப்பு என்று நம் ஊர்ப் பேராசிரியர் குடும்பங்கள் எப்படியோ, அப்படித்தான் அவருடைய குடும்பமும் இருந்தது.

அவருக்கு மகள்களும் ராஜன் என்ற ஒரு மகனும் இருந்தார்கள். ராஜன் கோழிக்கோட்டை அடுத்த சாத்தமங்கலத்தில் இருந்த மண்டலப் பொறியியல் கல்லூரியில் விடுதியில் தங்கிப் படித்தான். இன்று என்.ஐ.டி. என்று அழைக்கப்படுவது அந்தக் கல்லூரிதான். 1976-இல் அவன் இறுதியாண்டு மாணவன். நன்றாகப் பாடுவான், கல்லூரிக் கலை நிகழ்ச்சிகளில் முன்னால் நிற்பான். இன்னும் சில மாதங்களில் பொறியாளர். ஓய்வு பெறும் வயதை நெருங்கிய ஒரு பேராசிரியத் தந்தைக்கு இதைவிட வேறென்ன நிம்மதி வேண்டும்?

1976 மார்ச் 1

1975 ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. மிசா சட்டத்தில் எதிர்க்கட்சியினர் ஆயிரக்கணக்கில் சிறைக்குப் போனார்கள். ஜமாஅத்தே இஸ்லாமி உள்ளிட்ட பல அமைப்புகள் தடை செய்யப்பட்டன. டெல்லி துர்க்மான் கேட் பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டதும், கட்டாயக் கருத்தடைக்கு ஏழைகள் இழுத்துச் செல்லப்பட்டதும் அந்தக் காலத்தில்தான்.

கேரளத்தில் அப்போது சி. அச்சுத மேனன் முதலமைச்சர். கே. கருணாகரன் உள்துறை அமைச்சர். 1976 பிப்ரவரி 28 அன்று கோழிக்கோடு மாவட்டத்தின் காயண்ணா காவல் நிலையத்தை நக்ஸல்பாரிகள் தாக்கினார்கள். தாக்கியவர்களைப் பிடிக்கப் போலீசார் வலைவீசினர். அந்த வலையில், பரூக் கல்லூரியில் நடந்த பல்கலைக்கழக இளைஞர் விழாவுக்குச் சென்று திரும்பிய ராஜனும் சிக்கினான். மார்ச் 1 அதிகாலை, விடுதி மாணவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனையும் இன்னொரு மாணவரையும் போலீசார் கொண்டுபோனார்கள்.

கொண்டுபோன இடம் கக்கயம். மலையடிவாரத்தில், மின்வாரியத்துக்குச் சொந்தமான கட்டடங்களில், குற்றப்பிரிவு டி.ஐ.ஜி. ஜெயராம் படிக்கல் தலைமையில் ஒரு விசாரணை முகாம் இயங்கியது. அங்கே 'உருட்டல்' என்றொரு முறை இருந்தது. ஆளைப் பெஞ்சில் படுக்க வைத்துக் கட்டி, கனமான மர உருளையைத் தொடைகளின் மேல் வைத்து அழுத்தி உருட்டுவார்கள். வெளியே காயம் அதிகம் தெரியாது. உள்ளே சதை நைந்துபோகும். ராஜன் அடுத்த நாளே, மார்ச் 2 அன்று, இறந்தான். உடலை அவர்கள் மறைத்துவிட்டார்கள். இன்றுவரை அது கிடைக்கவில்லை.

இவ்வளவும் பின்னால் தெரிய வந்தவை. அன்று அந்தத் தந்தைக்குத் தெரிந்தது ஒன்றுதான். கல்லூரி முதல்வர் பேராசிரியர் கே.எம். பகாவுதீன் அவருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். உங்கள் மகனைப் போலீசார் கைது செய்து கொண்டுபோயிருக்கிறார்கள் என்பது அதன் செய்தி.

இந்தக் கடிதத்தை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அது நெருக்கடி நிலைக் காலம். போலீஸ் செய்ததைப் பற்றி அரசு ஊதியம் பெறும் ஒருவர் ஒரு வரி எழுதுவதும் ஆபத்து. 'நமக்கேன் வம்பு' என்று முதல்வர் பேசாமல் இருந்திருந்தால், ராஜன் கைதானான் என்பதற்கே எழுத்தில் ஆதாரம் இல்லாமல் போயிருக்கும். ஒரு கல்விநிலையத்தின் தலைவர் தம் பொறுப்பில் இருந்த பிள்ளையின் தகப்பனுக்குச் செய்ய வேண்டிய குறைந்தபட்சக் கடமையைச் செய்தார். அந்தக் குறைந்தபட்சம்தான் ஓராண்டுக்குப் பிறகு ஓர் அரசையே அசைத்தது.

கதவு கதவாக

கடிதம் கிடைத்த நாளிலிருந்து பேராசிரியர் தேடத் தொடங்கினார். கல்லூரிக்குப் போனார். காவல் நிலையங்களுக்குப் போனார். கக்கயத்துக்கே போனார், முகாமுக்குள் அவரை விடவில்லை. திருவனந்தபுரம் சென்று உள்துறை அமைச்சரைச் சந்தித்தார். ராஜன் ஏதோ கடுமையான வழக்கில் சிக்கியிருப்பதாக அமைச்சர் தம்மிடம் சொன்னார் என்று வாரியர் பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். அமைச்சர் அதை மறுத்தார். முதலமைச்சரையும் அவர் பார்த்தார், பயனில்லை. உள்துறைச் செயலருக்கும் பெரும் பதவிகளில் இருந்தவர்களுக்கும் மனுக்கள் எழுதினார். ஒரு வரிப் பதில் வரவில்லை.

நீதிமன்றத்துக்கு ஏன் போகவில்லை என்று இன்றைய வாசகர் கேட்கலாம். போக வழியில்லை. நெருக்கடி நிலையில் அரசியல் சட்டத்தின் 21-ஆம் பிரிவை, அதாவது உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்குமான உரிமையை, நீதிமன்றத்தில் கோரும் வழி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. அது சரியே என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாறுபட்டார். அதற்கு விலையாக அவருக்குத் தலைமை நீதிபதிப் பதவி கிடைக்காமல் போனது. ஜபல்பூர் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். ஒருவரைச் சட்டவிரோதமாகப் பிடித்து வைத்திருந்தாலும் அவரை வெளியே கொண்டுவரச் சொல்லிக் கேட்க முடியாது என்பதே அந்தத் தீர்ப்பால் விளைந்த நிலை.

வீட்டில் இன்னொரு சுமை இருந்தது. ராஜனின் தாய் மகனை எதிர்பார்த்து எதிர்பார்த்து மனநலம் குன்றினார். வெளியே எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பும் கணவர், வீட்டுக்குள் வந்ததும் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். மகன் இறந்துவிட்டான் என்பது உறுதியான பிறகும் பல ஆண்டுகள் அதை மனைவியிடம் சொல்லாமலே அவர் காலம் கடத்தினார். அந்தத் தாய் 2000-இல் இறந்தார். மகனுக்காக அழுவதற்குக்கூட அந்தத் தகப்பனுக்கு வீட்டில் இடம் இருக்கவில்லை என்பதை நினைத்துப் பார்க்கவே நெஞ்சு கனக்கிறது.

உயர் நீதிமன்றத்தில்

1977 மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை விலக்கப்பட்டது. நான்கே நாட்களில், மார்ச் 25 அன்று, பேராசிரியர் கேரள உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவைத் தாக்கல் செய்தார். அதே மார்ச் 25 அன்றுதான் கருணாகரன் கேரள முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். ஒரு பக்கம் பெரும்பான்மையோடு வந்த முதலமைச்சர். மறு பக்கம் ஒரு ஹிந்தி ஆசிரியர்.

மனுவை விசாரித்தவர்கள் நீதிபதி சுப்பிரமணியன் போற்றி, நீதிபதி வி. காலித் ஆகிய இருவர். கண்ணூரைச் சேர்ந்த காலித் பின்னாளில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியாகவும், 1984 முதல் 1987 வரை உச்ச நீதிமன்ற நீதிபதியாகவும் இருந்தவர். ராஜன் என்ற மாணவனைக் கைது செய்யவே இல்லை என்று அரசுத் தரப்பில் பிரமாணப் பத்திரங்கள் தாக்கலாயின. முதலமைச்சரும் அப்படியே கூறினார்.

அப்போதுதான் அந்தக் கடிதம் பேசியது. முதல்வர் பகாவுதீன் சாட்சி சொன்னார். மாணவர்கள் சொன்னார்கள். கக்கயம் முகாமில் ராஜனோடு அடைபட்டு அவன் துன்புறுத்தப்பட்டதை அறிந்தவர்கள் சொன்னார்கள். அதிகாரிகளின் மறுப்பை நீதிபதிகள் ஏற்கவில்லை. ராஜன் போலீஸ் காவலில் இருந்தான் என்பது மெய்ப்பிக்கப்பட்டதாகக் கூறி, ஏப்ரல் 21 அன்று அவனை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்று உத்தரவிட்டார்கள். தீர்ப்பின் தேதி 1977 ஏப்ரல் 13.

ராஜனை எங்கிருந்து கொண்டுவருவது? ஏப்ரல் 25 அன்று கருணாகரன் பதவி விலகினார். பதவியேற்று ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்து ஏ.கே. அந்தோணி முதலமைச்சரானார். மே மாதத்தில் அரசு உண்மையை ஒப்புக்கொண்டது: ராஜன் போலீஸ் காவலில் இறந்துவிட்டான். மகனைக் கொண்டுவரச் சொல்லிக் கேட்ட தந்தைக்கு, பதினான்கு மாதங்களுக்குப் பிறகு, மகன் இல்லை என்ற செய்தி அரசின் வாயிலிருந்து வந்தது.

கோவையில் நடந்த வழக்கு

நம் தமிழ்நாட்டுக்கும் இந்த வழக்கில் ஓர் இடம் உண்டு. போலீஸ் அதிகாரிகள் மீதான குற்றவியல் வழக்கு கேரளத்தில் நடந்தால் நியாயமாக நடக்காது என்பதால் கோவைக்கு மாற்றப்பட்டது. உடல் கிடைக்காததால் கொலைக் குற்றம் நிற்கவில்லை. அதிகாரிகள் சிலருக்குச் சிறு குற்றங்களுக்காக ஓராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீட்டில் அதுவும் ரத்தானது. ஓர் உயிருக்கு இவ்வுலக நீதிமன்றங்கள் கடைசியில் கொடுத்த கணக்கு இவ்வளவுதான்.

இதிலிருந்து 'நீதிமன்றம் போய் என்ன பயன்?' என்று சிலர் முடிவுக்கு வரலாம். பேராசிரியர் அந்த முடிவுக்கு வரவில்லை. தண்டனை கிடைக்கவில்லை; ஆனால் உண்மை பதிவாகிவிட்டது. இனி எந்த அதிகாரியும் 'அப்படி ஒரு பையனை நாங்கள் பார்க்கவே இல்லை' என்று சொல்ல முடியாது. அந்தப் பதிவுக்காகத்தான் அவர் நடந்தார்.

முதுமையில் அவர் தம் நினைவுகளை மலையாளத்தில் எழுதினார். ஒரு தந்தையின் நினைவுக் குறிப்புகள் என்பது அந்நூற்பெயரின் பொருள். கேரள சாகித்திய அகாதமி விருது அதற்குக் கிடைத்தது. ஹாங்காங்கில் உள்ள ஆசிய மனித உரிமை ஆணையம் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டது. தமிழிலும் அது படிக்கக் கிடைக்கிறது. சிறிய நூல்தான். யாரையும் வசைபாடாமல், நடந்ததை நடந்தபடி சொல்லும் ஓர் ஆசிரியரின் நடை. மழை பெய்யும் இரவுகளில் மகன் வெளியே நனைந்துகொண்டு நிற்பதாகவே அவருக்குத் தோன்றும்; கதவைத் தாழிட அவருக்கு மனம் வராது. இந்தக் கதையின் சாயலில் ஷாஜி என். கருண் 1988-இல் எடுத்த 'பிறவி' திரைப்படம் கேன் விழாவரை சென்றது. வராத மகனுக்காகப் பேருந்து நிறுத்தத்தில் காத்திருக்கும் முதியவராக அதில் நடித்த பிரேம்ஜிக்குச் சிறந்த நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது.

காணாமல் போனவரின் சட்டம்

மத்ரஸாவில் ஃபிக்ஹ் பாடம் ஓதியவர்களுக்கு 'மஃப்கூத்' என்ற தலைப்பு நினைவிருக்கும். இருக்கிறாரா, இறந்தாரா என்று அறிய முடியாதபடி காணாமல் போனவரை அது குறிக்கும். அவரைப் பற்றிய சட்டங்கள் நுட்பமானவை. காழி தீர்ப்பளிக்கும்வரை அவர் உயிரோடிருப்பவராகவே கருதப்படுவார். அவருடைய சொத்தை வாரிசுகள் பங்கிட முடியாது. மனைவி மறுமணம் செய்ய முடியாது. ஹனஃபி மத்ஹபின் பழைய நூல்கள் அவருடைய வயதொத்தவர்கள் எல்லாரும் மறையும் காலம்வரை காத்திருக்கச் சொல்கின்றன. மாலிகி மத்ஹபில் மனைவிக்கு நான்காண்டுக் கெடு. இந்தியாவில் பெண்கள் படும் துன்பத்தைக் கண்ட ஹனஃபி உலமாக்களே மாலிகி மத்ஹபின் கருத்தை எடுத்துக்கொள்ள முன்வந்தார்கள். 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டத்தில், கணவர் நான்காண்டுகள் காணாமல் போயிருந்தால் மனைவி விடுதலை கோரலாம் என்ற விதி அப்படித்தான் இடம்பெற்றது. பொதுச் சட்டத்தில் ஏழாண்டுகள் செய்தி இல்லையென்றால் இறந்ததாகக் கொள்ளலாம்.

இத்தனை நுணுக்கமாகச் சட்டம் பேசுவதிலிருந்தே புரிகிறது, ஒரு மனிதரைக் காணாமல் ஆக்குவது எவ்வளவு பெரிய கொடுமை என்பது. இறந்தவருக்காக அழுதுவிட்டு நாம் எழுந்துவிடலாம். ஜனாஸா தொழுது, அடக்கி, மண்ணள்ளிப் போட்டு, கையுதறி, 'இன்னா லில்லாஹி' சொல்லி மனதைத் தேற்றிக்கொள்ளலாம். காணாமல் போனவருக்காக எதுவும் செய்ய முடியாது. குடும்பம் முழுவதும் அந்த நாளிலேயே நின்றுவிடுகிறது.

நபி யஃகூப் (அலை) அவர்களின் வரலாறு நமக்குத் தெரியும். யூசுப் (அலை) இறந்துவிட்டார் என்று மூத்த மகன்கள் பொய்ச் சட்டையைக் கொண்டுவந்து காட்டினார்கள். தந்தை நம்பவில்லை. துக்கத்தால் அவருடைய கண்கள் வெளுத்துப் போயின என்று குர்ஆன் கூறுகிறது. ஆனாலும் தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார். அதோடு நிற்காமல், போய்த் தேடுங்கள், அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று மக்களை அனுப்பினார். அழுவதும் பொறுமையும் தேடுவதும் அந்தத் தந்தையிடம் சேர்ந்தே இருந்தன. பொறுமை என்றால் வாய்மூடிக் கிடப்பது என்று நம்மில் சிலர் பொருள் கொள்கிறார்கள். யஃகூப் (அலை) அவர்களின் பொறுமை அப்படிப்பட்டதல்ல.

சென்னையில் ஒரு விசாரணை

நெருக்கடி நிலையின் கொடுமை தமிழ்நாட்டுக்கும் வந்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டு, தலைவர்களும் தொண்டர்களும் மிசாவில் கைதாகிச் சென்னை மத்திய சிறையில் அடைக்கப்பட்டார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் அவர்கள் அங்கே கடுமையாகத் தாக்கப்பட்டார்கள். முன்னாள் மேயர் சிட்டிபாபு அந்தச் சிறைவாசத்தின் விளைவாகப் பின்னர் உயிரிழந்தார்.

நெருக்கடி நிலை முடிந்ததும் இதை விசாரிக்க அமைக்கப்பட்ட ஆணையத்துக்குத் தலைமை வகித்தவர் நீதிபதி மு.மு. இஸ்மாயில். நாகூரில் பிறந்து, சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக உயர்ந்தவர். கம்பனில் தோய்ந்த அறிஞராகத் தமிழுலகம் அவரை அறியும். இஸ்மாயில் கமிஷன் என்ற பெயரை முதியவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். சிறைக் கைதிகள் அடிக்கப்பட்டது உண்மை என்று அவர் அறிக்கை கொடுத்தார். அடிபட்டவர்கள் எந்தக் கட்சி, எந்த மதம் என்று அவர் பார்க்கவில்லை.

பகாவுதீன், காலித், இஸ்மாயில் மூவரும் தங்கள் பதவியில் இருந்தபடியே தங்கள் வேலையைச் சரியாகச் செய்தார்கள். அவர்களால் நன்மை அடைந்தவர்களில் பெரும்பாலோர் பிற சமயத்தவர். நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கே எதிராக இருந்தாலும் சரி என்று குர்ஆன் நமக்கு இடும் கட்டளை நடைமுறையில் இப்படித்தான் இருக்கும். நம் பிள்ளைகளுக்குச் சட்டம் படிக்க வைப்பதும், அவர்களை ஆசிரியர்களாக்குவதும் வெறும் பிழைப்புக்காக அல்ல என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இன்று நம் கையில் உள்ள உரிமைகள்

ராஜன் வழக்கு போன்றவை நாட்டின் சட்டத்தையும் மாற்றின. 1978-இல் வந்த 44-ஆம் திருத்தத்தின்படி, நெருக்கடி நிலையிலும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையை இனி நிறுத்தி வைக்க முடியாது. ஜபல்பூர் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017 ஆகஸ்ட் 24 அன்று தவறென்று கூறி ரத்து செய்தது. டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பர் 18 அன்று கைது பற்றிய பதினொரு விதிகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா சட்டத்திலும் அவற்றில் முக்கியமானவை உள்ளன. ஒவ்வொரு குடும்பமும் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை இவை:

1. கைது செய்யும் காவலர் தம் பெயர் தெளிவாகத் தெரியும்படி அடையாளம் அணிந்திருக்க வேண்டும்.

2. கைதுக் குறிப்பு எழுதப்பட வேண்டும். அதில் நேரமும் தேதியும் இருக்க வேண்டும். குடும்பத்தினர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புக்குரிய ஒருவரோ சாட்சிக் கையொப்பம் இட வேண்டும்.

3. கைதுக்கான காரணத்தைக் கைதானவரிடம் சொல்ல வேண்டும். அவர் குறிப்பிடும் உறவினருக்கோ நண்பருக்கோ கைதானதையும் வைத்திருக்கும் இடத்தையும் தெரிவிக்க வேண்டும்.

4. விசாரணையின்போது வழக்கறிஞரைச் சந்திக்க அவருக்கு உரிமை உண்டு.

5. மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும். உடலில் காயம் இருந்தால் அது பதிவாக வேண்டும்.

6. பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். இது அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவே தரும் உரிமை.

7. காவலில் ஒருவர் இறந்தால் மாஜிஸ்திரேட் விசாரணை நடத்தியாக வேண்டும்.

இவை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். வழக்கறிஞருக்குப் பணம் இல்லை என்று எவரும் பின்வாங்க வேண்டியதில்லை. ஒவ்வொரு மாவட்டத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச உதவி தருகிறது. 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். ஜமாஅத் நிர்வாகங்கள் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. இந்த விதிகளைத் தமிழில் அச்சிட்டுப் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். இரவில் அழைத்தாலும் வரக்கூடிய ஒரு வழக்கறிஞரின் எண்ணை வைத்துக்கொள்ளலாம். ஒரு வீட்டில் பிள்ளை கைதானால், 'என்ன தப்பு செய்தானோ' என்று ஊர் ஒதுங்கிக்கொள்வதுதான் அந்தப் பெற்றோருக்கு முதல் அடி. குற்றமா இல்லையா என்பதை நீதிமன்றம் முடிவு செய்யட்டும். பிள்ளை எங்கே என்று கேட்பதற்கு அந்தப் பெற்றோரோடு இரண்டு பேர் கூடப் போவதில் எந்தக் குற்றமும் இல்லை.

சட்டம் இருந்தும்

சட்டம் புத்தகத்தில் இருப்பது மட்டும் போதாது என்பதைச் சாத்தான்குளம் காட்டியது. 2020 ஜூன் 19 அன்று ஜெயராஜ் என்ற வியாபாரியைப் போலீசார் காவல் நிலையத்துக்கு அழைத்துப் போனார்கள். அவரைத் தேடி மகன் பென்னிக்ஸ் போனார். இருவருமே அடிபட்டு, சில நாட்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். தகப்பனைத் தேடிப் போன மகன். ராஜன் கதையின் மறுபுறம் இது. அங்கேயும் உண்மை வெளிவந்ததற்கு ஒருவரின் துணிவு காரணமாயிற்று. அதே காவல் நிலையத்தின் தலைமைக் காவலர் ரேவதி, தாம் கண்டதை விசாரிக்க வந்த மாஜிஸ்திரேட்டிடம் சொன்னார். கோழிக்கோட்டில் ஒரு பகாவுதீன். சாத்தான்குளத்தில் ஒரு ரேவதி.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997-இல் கையெழுத்திட்டது. இன்னும் அதை உறுதி செய்யவில்லை. வலுக்கட்டாயமாகக் காணாமல் ஆக்கப்படுவதற்கு எதிரான உடன்படிக்கையும் 2007-இல் கையெழுத்தானதோடு நிற்கிறது. இவற்றை உறுதி செய்யுமாறு கேட்பது எந்த ஒரு கட்சியின் கோரிக்கையும் அல்ல, பெற்றோர் அனைவரின் கோரிக்கை.

சென்னையில் நாம் வாழும் அசோக் நகரில் காவலர் பயிற்சிக் கல்லூரி இருக்கிறது. அங்கே பயிற்சி பெறுபவர்களும் யாரோ ஒரு தாய் தகப்பனின் பிள்ளைகள்தாம். பெரும்பாலோர் எளிய குடும்பங்களிலிருந்து, நாட்டுக்குச் சேவை செய்யும் எண்ணத்தோடு வருபவர்கள். காவல் துறை முழுவதையும் எதிரியாகப் பார்ப்பது சரியல்ல. அது நீதியும் அல்ல. ஆனால் அடித்துத்தான் உண்மையை வாங்க முடியும் என்ற எண்ணம் எந்த இளம் காவலரின் மனத்திலும் வேரூன்றக் கூடாது. ஈச்சர வாரியரின் சிறு நூலைக் காவலர் பயிற்சியில் பாடமாக வைத்தால், விசாரணை அறைக்கு வெளியே ஒரு தகப்பன் நிற்கிறார் என்பது அவர்களுக்கு என்றும் நினைவிருக்கும். உலகில் மக்களை வதை செய்பவர்களை அல்லாஹ் வதை செய்வான் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சீருடை அணிந்தவருக்கும் அணியாதவருக்கும் அந்த எச்சரிக்கை பொது.

அவர் விட்டுச் சென்றது

2006 ஏப்ரல் 13 அன்று, தம் எண்பத்து நான்காம் வயதில், பேராசிரியர் ஈச்சர வாரியர் இறந்தார். அவருடைய மனுவுக்கு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் இதே ஏப்ரல் 13-இல்தான். இடையில் இருபத்தொன்பது ஆண்டுகள். மகனின் உடல் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. அதை எங்கே கொண்டுபோனார்கள் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

அவர் வகுப்பறையில் எத்தனை மாணவர்களுக்கு ஹிந்தி சொல்லிக் கொடுத்தார் என்பதற்குக் கணக்கு இல்லை. நாட்டுக்கு அவர் நடத்திய பாடத்துக்கு மட்டும் ஆவணம் இருக்கிறது. அதிகாரம் மறுத்தாலும் கேள்வியை விடாதே என்பது அந்தப் பாடம். இன்றும் ஏதோ ஒரு காவல் நிலைய வாசலில், ஏதோ ஒரு சிறைக் கதவருகில், பெயர் தெரியாத ஒரு தகப்பனோ தாயோ நின்றுகொண்டிருக்கக் கூடும். அநீதி இழைக்கப்பட்டவரின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில் திரையில்லை என்று நாம் நம்புகிறோம். அப்படி நம்பும் நாம், அந்தத் தகப்பனுக்கும் நமக்கும் இடையில் மட்டும் திரை போட்டுக்கொள்ளலாகாது. அடுத்த தெருவில் அப்படி ஒரு வீடு இருந்தால், இந்த வாரம் ஜும்ஆவுக்குப் பிறகு அந்த வீட்டுக்கு ஒருமுறை போய் வருவோம்.